திசைகாட்டிக்குப் போட்ட புள்ளடி சோசலிசத்துக்குப் போட்ட புள்ளடியா?

மடத்தடி | ஞாயிறு, இரவு 8.15

ஒரு வருசத்துக்கு மேலா மனசுக்குள்ள கிடக்கிற கேள்வி இது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் எங்கட அம்மா முதல்முறையாத் திசைகாட்டிக்கு, அதான் ஜே.வி.பி. தலைமையில நிக்கிற அநுரகுமாரவின்ட தேசிய மக்கள் சக்திக்கு, புள்ளடி போட்டா. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின்ட உதயசூரியன், பிறகு தமிழரசுக் கட்சியின்ட வீடு, இடையில வாக்குப் போடவே போக முடியாத வருசங்கள். வேற சின்னம் அறியாத மனுசி. அண்டைக்கு இரவு கேட்டன், "அம்மா, அது சிவப்புக் கட்சி, தெரியும்தானே?" பருப்புக் கழுவிக்கொண்டே சொன்னா: "சிவப்போ பச்சையோ, களவெடுக்காம நடத்தினாக் காணும்."

எங்கட திருகோணமலை மாவட்டத்தில நாலு ஆசனம். திசைகாட்டிக்கு ரெண்டு, சஜித் பிரேமதாசவின்ட தொலைபேசிக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. நாடு முழுக்க 225-இல் 159. இலங்கையில இடதுசாரிகள் வென்றிட்டாங்க எண்டு உலகமெல்லாம் பேசிச்சு. ஆனா எங்கட அடுப்படியில இருந்து போன வாக்கு அப்பிடியான வாக்கில்லை எண்டு எனக்குத் தெரியும்.

அதனால கேக்கிறன். கடையும் வங்கியும் லீசிங் கொம்பனியும் முதலாளிமாரிட்ட இருக்கிற ஒரு நாட்டில, ஐந்து வருசத்துக்கு ஒருக்கா வீடு வீடாப் போய் வாக்குக் கேட்டு, சோசலிசத்தைச் சோசலிசம் எண்டு பேர் சொல்லியே சனத்தை ஒப்ப வைக்கலாமா? நான் கடற்றொழிலாளர் சங்கமொண்டில கணக்கு எழுதுறன். எனக்கு இது படிக்கிற பாடம் இல்லை, ஒவ்வொரு நாளும் கரையில பார்க்கிற சங்கதி. எல்லாரும் எழுதுங்க.

டொக்யாட் தம்பி | ஞாயிறு, இரவு 9.02

அக்கா, அம்மா சொன்னதுதான் விடை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுரகுமாரவுக்குக் கிடைச்சது 3.16 வீதம். 2024 செப்டெம்பரில் முதல் எண்ணிக்கையிலேயே 42.31. இந்த ஐந்து வருசத்தில சனம் மார்க்ஸைப் படிச்சு மனம் மாறினதா? இல்லை. இடையில 2022 வந்தது. ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அரசாங்கமே சொல்லிச்சு. நான் உட்துறைமுக வீதியில ஓட்டோவுக்குள்ள படுத்து பெற்றோலுக்குக் காத்திருந்தனான். நாட்டை ஆண்ட எல்லாக் கட்சியும் அந்தக் கியூவுக்குப் பொறுப்பு. பொறுப்பில்லாத ஒரு கட்சிதான் மிச்சம் இருந்தது, அதுக்குப் போட்டாங்க.

எங்கட மாவட்டமே செப்டெம்பரில் சஜித்துக்குத்தான் கூடப் போட்டது. ரெண்டு மாதத்தில திசைகாட்டி. கொள்கைக்கு வாக்குப் போடுற சனம் ரெண்டு மாதத்தில மாறாது. 2023-இல் அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் செய்த சர்வதேச நாணய நிதியக் கடன் உடன்படிக்கையும் இந்த ஆட்சியில தொடர்ந்துதான் போகுது. சோசலிசம் எங்க இருக்கு?

பழைய வாத்தியார் | திங்கள், காலை 6.40

தம்பி, 2024-ஐ மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் சோசலிசத்துக்கு, அந்தப் பெயரிலேயே, சனம் வாக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது.

சமசமாஜக் கட்சி தொடங்கியது 1935-இல். மறு வருடமே பிலிப் குணவர்தனவும் என்.எம். பெரேராவும் அரச சபைக்குத் தெரிவானார்கள். 1947-இல், சுதந்திரத்துக்கு முதல் வருடம், 95 ஆசனங்களில் இடதுசாரிகளுக்குப் பதினெட்டு: சமசமாஜக் கட்சிக்கு 10, போல்ஷெவிக் லெனினியருக்கு 5, கம்யூனிஸ்டுகளுக்கு 3. வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சிக்கு (யு.என்.பி.) 42 தான். தோட்டத் தொழிலாளரின் வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிப் பக்கம் விழுந்ததும் அதற்குக் காரணம். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரின் வாக்கு பறிக்கப்பட்டது. இனவாதம் என்று மட்டும் அதைப் படிக்கிறோம். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தை வாக்காளர் இடாப்பிலிருந்து அழித்த வேலையும் அதுதான். சோசலிசத்துக்கு வாக்கில்லை என்று சொல்வதற்கு முன்னர், அந்த வாக்கை யார் வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

1953 ஓகஸ்ட் 12. கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். என் தகப்பனார் அப்போது இங்கே கடற்படைத் தளத்தில் பிற்றர். சமசமாஜத் தொழிற்சங்க அட்டை ஒன்றை அவர் சாகும்வரை வைத்திருந்தார். 1957-இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துப் போனபோது வேலையும் போனது. அட்டையை எறியவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் வருத்துவது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவருடைய சமசமாஜக் கட்சியே 1964-இல், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனபோது, 'மசால வடை' என்று தமிழரை நையாண்டி செய்த கோஷத்தோடு சிவப்புச் சட்டைக்காரரும் நடந்தார்கள். 1972 அரசியலமைப்பை எழுதிய அமைச்சரும் அதே கொல்வின்தான். பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29-ஆம் பிரிவு போனது. 1977-இல் சமசமாஜத்துக்கும் கம்யூனிஸ்டுக்கும் ஓர் ஆசனம்கூட இல்லை.

வாக்குக்காகக் கொள்கையை விற்றார்கள், கடைசியில் வாக்கும் இல்லை. தமிழரும் அவர்களை நம்பவில்லை, சிங்களவரும் நம்பவில்லை.

கிண்ணியா ரைஸ்மில் | திங்கள், பகல் 1.20

சேர் சொன்ன சரித்திரம் சரி. ஆனா 1977-இல் அவங்க தோத்ததுக்கு மொழி மட்டும் காரணமில்ல. எங்கட வாப்பா சொல்லுவாரு, இவங்களும் கூட்டுச் சேர்ந்திருந்த சிறிமா பிரதமர் காலத்துல (1970-77) அளவுக்கு மேல அரிசி கொண்டு போனா வழியில மறிச்சு இறக்கிருவாங்களாம். நெல் விளைஞ்ச ஊர்லயே அரிசி ஒளிச்சுக் கொண்டு போற நெலம. பாணுக்கு விடியப்பொறம் கியூ. அந்தப் பசி இன்னும் எங்கட பெரியாக்கள்ட மனசுல இருக்கு. சோசலிசம்னு சொன்னதும் அவங்களுக்கு ஞாபகம் வாறது கியூதான்.

இந்த மாவட்டத்துலயே பாருங்க. கந்தளாய்ல செக்கோஸ்லோவாக்கியா உதவியோட கட்டின அரசாங்கச் சீனித் தொழிற்சாலை தொண்ணூறுகள்ல மூடினது, இன்னும் துருப்பிடிச்சுக் கெடக்கு. சீனக்குடாவுல சிங்கப்பூர்க் கொம்பனிட மா ஆலை 1980-இல இருந்து ஓடுது. புல்மோட்டையில அரசாங்கம் இல்மனைற்று மண் அள்ளுது, ஆனா மண்ணாவே கப்பல்ல ஏத்துது, அந்த ஊருக்கு என்ன மிச்சம்னு அங்க உள்ளவங்களக் கேளுங்க. நான் பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் குடுக்கிறன். பெருநாளைக்கு முன்னச் சம்பளம் போடாட்டி எனக்கு நித்திரை வராது. என்னைச் சுரண்டுறவன்னு ஒருத்தன் மேடையில சொன்னா அவனுக்கு நான் எப்படி வாக்குப் போடுற?

பழைய வாத்தியார் | திங்கள், பகல் 2.05

நானா சொல்வது நியாயம், மறுக்க மாட்டேன். ஒன்றைச் சேர்க்கிறேன். அதே 1970-77 காலத்தில் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கைக்காரர் கல்வீடு கட்டினார்கள். ஒரே கொள்கை, ஒரு வீட்டில் கியூ, இன்னொரு வீட்டில் கல்வீடு.

கோணேசபுரி | திங்கள், இரவு 10.30

நான் கம்பஸ் மாணவி. எங்கட வகுப்பில இந்த விவாதம் அடிக்கடி வரும், எல்லாரும் கியூவில தொடங்கிக் கியூவிலயே முடிப்பாங்க. எனக்கு வேற மாதிரித் தெரியுது.

என்ட அப்பா மேசன் வேலை. நான் முதலாம் வகுப்பில இருந்து இண்டை வரைக்கும் பள்ளிக்கூடக் கட்டணமெண்டு ஒரு சதம் கட்டேல்லை. அப்ப கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா 1945-இல் கொண்டு வந்த இலவசக் கல்வி. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில, பில் இல்லை. 1977-க்குப் பிறகு எத்தனையோ ஆட்சி வந்தது, சந்தையைத் திறந்தது, கூட்டுத்தாபனங்களை விற்றது. ஆனா இலவசக் கல்வியை நிப்பாட்டுறன் எண்டு சொல்லி வாக்குக் கேக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வரேல்லை. சனம் சோசலிசத்தை வெறுக்குது எண்டா இது எப்பிடி?

நாட்டின்ட பேரே இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு. அந்தப் பேரை வைச்சது 1978 அரசியலமைப்பு, சந்தையைத் திறந்த ஜே.ஆர். ஜயவர்தனவின்ட அரசியலமைப்பு. அவருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கு. தமிழர் பக்கமும் அப்பிடித்தான். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் கேட்டது சுதந்திரமான, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோசலிச அரசு. அடுத்த வருசம் கூட்டணிக்கு 18 ஆசனம். மடத்தடி அக்கா, உங்கட அம்மா 1977-இல் உதயசூரியனுக்குப் போட்டது அந்தச் சொல் உள்ள தீர்மானத்துக்குத்தான்.

வெளியிலயும் பாருங்க. 2025 நவம்பர் 4-இல் நியூயோர்க்கில மம்தானி மேயராத் தெரிவானார். உலகத்துப் பணமெல்லாம் புழங்குற நகரம். தன்னை ஜனநாயக சோசலிஸ்ட் எண்டு ஒளிக்காமச் சொன்னவர். ஆனா வீட்டுப்படியில நிண்டு பேசினது வாடகையைப் பற்றி, பஸ் காசைப் பற்றி, பிள்ளை பராமரிப்பைப் பற்றி. நகரசபையே பலசரக்குக் கடை நடத்தும் எண்டும் சொன்னார். அதைப் படிச்சுப்போட்டு நான் அம்மாட்ட சொன்னன், எங்கட கூட்டுறவுச் சங்கக்கடையை அவங்க இப்பதான் கண்டுபிடிக்கிறாங்க எண்டு.

டொக்யாட் தம்பி | செவ்வாய், காலை 7.50

தங்கச்சி, மேயரா வாறது ஒண்டு, நாட்டை நடத்துறது வேற. சிலியில சோசலிஸ்ட் அலெண்டே 1970-இல் 36.6 வீதத்தோட வந்தார். அடுத்த வருசம் செப்புச் சுரங்கத்தை நாட்டுடைமையாக்கினபோது எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஏகமனதா வாக்களிச்சது. அவ்வளவு ஆதரவு. 1973 செப்டெம்பர் 11-இல் ராணுவம் முடிச்சு வைச்சது. கேரளாவில 1957-இல் கம்யூனிஸ்ட் ஈ.எம்.எஸ். வென்று வந்தார், 1959-இல் டில்லி கலைச்சது. வாக்கு கிடைச்சாலும் காசுள்ளவன் விட மாட்டான் எண்டு சனத்துக்கும் தெரியும். அந்தப் பயமும் ஒரு புள்ளடிதான்.

கோணேசபுரி | செவ்வாய், காலை 8.10

கலைச்சதை மட்டும் சொல்லாதீங்க அண்ணா. இடதுசாரிக் கட்சிகள் கேரளாவில திரும்பத் திரும்ப வாக்குக் கேட்டுத்தான் வந்திருக்கு. 2021-இல் ஆட்சியில இருந்துகொண்டே வென்றது. சுவீடனில சமூக ஜனநாயகக் கட்சி 1932-இல் இருந்து 1976 வரைக்கும் கிட்டத்தட்ட விடாம ஆண்டது. தொழிற்சாலை முதலாளியிட்டயே இருந்தது, ஆனா ஆஸ்பத்திரியும் பென்சனும் எல்லாருக்கும். ஏழைக்கு மட்டும் எண்டு குடுத்தா மற்றவன் எரிச்சல்படுவான். எல்லாருக்கும் எண்டா எல்லாரும் காவல் நிப்பாங்க. இலவசக் கல்வி தப்பினதும் அதாலதான். ஏழைகளுக்கு மட்டும் எண்டு அஸ்வெசும உதவிப் பட்டியல் வந்தபோது ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்த சண்டையை நினைச்சுப் பாருங்க.

சம்பூரான் | செவ்வாய், இரவு 9.45

எல்லாவற்றையும் வாசித்தேன். யாரும் காணியைப் பற்றிக் கதைக்கவில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு காணியைத் தொடாமல் சோசலிசம் கதைக்க முடியாது.

நான் 2006-இல் போருக்குள் சம்பூரிலிருந்து ஓடினவன். ஒன்பது வருடம் முகாம் வாழ்க்கை. அந்தக் காலத்தில் எங்கள் காணி முதலில் உயர்பாதுகாப்பு வலயம், பிறகு முதலீட்டு வலயம், பிறகு நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கான இடம். எந்த முதலாளியும் வந்து எங்கள் காணி உறுதியைப் பறிக்கவில்லை. பறித்தது அரசு. இன்றைக்கும் எங்கள் மாவட்டத்தில் காணிக்குப் போனால் எதிரே நிற்பது யார்? வன இலாகா, தொல்லியல் திணைக்களம், துறைமுக அதிகாரசபை, கடற்படை. எல்லாம் பொதுச்சொத்து என்றுதான் பலகை போட்டிருக்கிறது. அந்தப் பொதுவுக்குள் நாங்கள் இல்லை.

ஆகவே அரசு உடைமை என்று ஒருவர் மேடையில் சொன்னால், கொழும்பில் இருப்பவருக்கு ரயிலும் ஆஸ்பத்திரியும் ஞாபகம் வரலாம். எனக்கு ஞாபகம் வருவது முட்கம்பி.

இன்றைய ஆளும் கட்சியின் பழைய கணக்கும் இங்கே மறக்கப்படவில்லை. சுனாமிக்குப் பிறகு 2005-இல் வடக்குக் கிழக்குக்கு நிவாரணக் கட்டமைப்பு வந்தபோது அதை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறியது ஜே.வி.பி. 2006-இல் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க உயர் நீதிமன்றம் போனதும் ஜே.வி.பி. அதை விடுவோம், மனிதர் மாறலாம் என்று எங்கள் பெடியங்கள் 2024-இல் வாக்களித்தார்கள். நானும் அளித்தேன், மறைக்கவில்லை. 2025-இல் என்ன கண்டோம்? முத்துநகரில் பயிர் செய்த காணி சூரிய மின்சாரத்துக்கு என்று எடுபட்டது. அந்த விவசாயிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாட்கணக்கில் குந்தியிருந்தார்கள். அவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, எல்லாரும் வயல்காரர். நவம்பரில் கடற்கரையில் வைத்த புத்தர் சிலையை இரவு பொலிஸ் எடுத்தது, மறுநாள் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தது. சிலையை எடுத்த முடிவு ஒரே இரவுதான் தாக்குப்பிடித்தது.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரன் கட்டிய 99 தாங்கி. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 61 கூட்டுக் கொம்பனிக்கு, 14 இந்தியக் கொம்பனிக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. இந்தியாவுக்குக் கொடுக்காதே என்று முன்னர் கத்தியவர்கள்தான் 2025 ஏப்ரலில் இந்தியாவோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் எரிசக்தி மையத்துக்குக் கையெழுத்து வைத்தார்கள். தாங்கி யாருடையது என்று எல்லாரும் வாதிட்டார்கள். சீனக்குடாவில் குடியிருக்கும் சனத்தைக் கேட்டு யாரும் ஒரு வரி எழுதவில்லை.

நான் சோசலிசத்துக்கு எதிரியில்லை. என் அண்ணன் போன இயக்கமும் மார்க்சியம் படிப்பித்த இயக்கம்தான். அவன் திரும்பி வரவில்லை. எனக்குத் தேவை, காணியைத் திணைக்களத்திடம் கொடுக்காமல் ஊரிடம் கொடுக்கிற சோசலிசம். அதைச் சொல்லி வாக்குக் கேட்டு ஒருவர் வரட்டும், மூதூர் முழுக்க நானே சைக்கிளில் போய் நோட்டீஸ் கொடுப்பேன்.

கிண்ணியா ரைஸ்மில் | செவ்வாய், இரவு 11.10

சம்பூரான் தம்பி, மனச உலுக்கிட்டீங்க. எங்கட பக்கமும் வன இலாகாக் கல்லு வயலுக்குள்ளதான் நிக்கிது. பெர்மிட்டு பழசு, கல்லு புதுசு. நான் அரசாங்கம் வேணாம்னு சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்டுதான் போல. நான் அதுக்கு வலதுசாரின்னு பேர் வெச்சிருந்தன்.

பழைய வாத்தியார் | புதன், காலை 5.55

இரவு நித்திரை வரவில்லை. சம்பூரான் சொன்னதை எங்கள் தலைமுறை கேட்டிருக்க வேண்டும். அரசைப் பிடித்தால் எல்லாம் பிடித்தது என்று நம்பினோம். 1972-இல் ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு வந்தது, 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. தகப்பனார் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தத் தோட்டத்தில் நாலு தலைமுறை உழைத்த மனிதருக்கு ஒரு பேர்ச் காணி சொந்தமாகவில்லை, முதலாளியின் பெயர் மாறியது, அவர்கள் குடியிருந்த லய வீடு மாறவில்லை. அதை நாங்கள் வெற்றி என்று கொண்டாடினோம். பிழை.

மடத்தடி | புதன், இரவு 8.40

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. நான் கரையில கண்டதை இப்ப சொல்றன்.

எங்கட சங்கத்தில எண்பது பேருக்கு மேல இருக்கிறாங்க. முந்தி இயந்திரத்துக்கும் வலைக்கும் முற்பணம் குடுக்கிறவருக்குத்தான் மீன் போகும். அவர் சொன்னதுதான் விலை, அவர்ட தராசுதான் தராசு. கடன் முடியாது, அதால மீனும் வேற கைக்குப் போகாது. கடலில மூண்டு மணிக்கு எழும்பிப் போற மனுசனுக்குத் தன்ட மீன்ட விலை தெரியாது. நாலு வருசத்துக்கு முதல் சங்கம் சொந்தத் தராசு வாங்கிச்சு. பிறகு ஐஸ் பெட்டி. பிறகு அவசரத்துக்குச் சின்னக் கடன். இப்ப ஒவ்வொரு விடியவும் வாடிச் சுவரில அண்டைய விலையை நான் சோக்கால எழுதுறன். கிலோவுக்கு இவ்வளவு கழிவு சங்கத்துக்கு எண்டு பொதுக்கூட்டத்தில கை தூக்கித்தான் முடிவெடுத்தது. படகு ரெண்டு வைச்சிருக்கிறவருக்கும் ஒரு கை, கூலிக்குப் போறவனுக்கும் ஒரு கை.

அந்தக் கூட்டத்தில கை தூக்கின ஒருத்தரிட்ட, சங்கத்துக்குள்ளயே கட்சி அரசியல் கதைச்சுச் சண்டை பிடிக்கிறவரிட்ட, இதுவும் ஒரு வகைச் சோசலிசம்தான் எண்டு சொன்னன். கோவம் வந்திட்டுது. "பிள்ளை, அந்தக் கதை இங்க வேண்டாம். இது எங்கட சங்கம்." நான் அதோட விட்டிட்டன். ஆனா அவர்தான் கழிவைக் கூட்டச் சொல்லி முதல் கை தூக்கினவர், சுருக்குவலைக்காரர் கரையை அள்ளிக்கொண்டு போறாங்க, கடல் எல்லாருக்கும் பொது எண்டு மாவட்டச் செயலகக் கச்சேரியில போய்ப் பேசினவரும் அவர்தான்.

தம்பி, நீங்க சொன்ன மாதிரிக் களவுக்கு எதிராத்தான் அம்மா போட்டா. அதை மறுக்கேல்லை. ஆனா களவு எண்டு அவ சொல்றது எது எண்டு பிறகு விளங்கிச்சு. பொதுவில இருக்க வேண்டியதைத் தனக்கு எண்டு எடுக்கிறதைத்தான் அவ களவு எண்டு சொல்றா. தராசுக்காரர் செய்ததும் அவவுக்குக் களவு, முத்துநகரில நடந்ததும் களவு. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில திரும்பவும் வீட்டுக்குப் போட்டா. நாடு முழுக்கவே திசைகாட்டி 61 வீதத்தில இருந்து 43-க்கு இறங்கின தேர்தல் அது. ஏன் மாத்தினீங்க எண்டு கேட்டன். "அண்டைக்கு நாட்டுக்குப் போட்டன். இது எங்கட ஊர், ஊரை எங்களிட்ட விடச் சொல்லு" எண்டா. சம்பூர் அண்ணா எழுதினதை நேற்று வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் பேசேல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பிள்ளை எந்தக் குடும்பம் எண்டு கேட்டா.

இன்னொரு விசயம். சங்கக்கடை மாதிரி ஒண்டைச் சங்கத்துக்குள்ளயே தொடங்கலாமா எண்டு வாற சனிக்கிழமை கூட்டம். மாரியில கடலுக்குப் போகாத மாதங்களில வீடுகளில அரிசிக்குத்தான் முதல் கடன் ஏறுது. மில்லில இருந்து நேர எடுத்து, வாங்கின விலையோட ஏத்து இறக்குக் கூலி மட்டும் சேர்த்துக் குடுக்கிறது எண்டு யோசனை. கிண்ணியா நானா, உங்கட மில்லில சங்கத்துக்கு என்ன விலைக்குத் தருவீங்க?

கிண்ணியா ரைஸ்மில் | புதன், இரவு 9.15

கடனுக்குத் தர மாட்டன், அத முதல்ல சொல்லிர்ரன். கைக்காசுக்கு எண்டா, கடைக்காரருக்குப் போடுற விலைக்கே போடுறன், லொறி என்டது, கூலி வேணாம். சாக்கு மட்டும் திருப்பித் தரணும். சம்பா அரிசியும் நாட்டரிசியும் ரெண்டு மாதிரிச் சாக்கு கொண்டு வாறன், பெண்டுகள் கைல எடுத்துப் பாத்துச் சொல்லட்டும். சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு வந்தாச் சரியா?